அழிக்கமுன் கேட்கிற ஜொப்

சேர்வருக்கு இயங்குதளம் ஏற்றுகிற தொழில், முதல் காரியமாக அழிக்கிற தொழில். பழையதைத் துடைக்காமல் புதியது ஏறாது. முன்பு ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னால் குந்தியிருந்து கையால் செய்தோம். இப்போது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்தால் மெஷின் தன்பாட்டில் செய்துகொண்டு போகும்: டிஸ்க்கைத் துடை, இயங்குதளத்தை ஏற்று, பெயர் வை, நேரத்தைச் சரிசெய், அலுவலகத்தின் மென்பொருளைப் போடு, மீளத் தொடங்கு. அந்த வரிசைக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பெயர் ஜொப். விற்கிற கம்பனி ஒரு பொது ஜொப்பைக் கையில் தரும். எந்த இடத்துக்கும் அது அப்படியே பொருந்தாது. இடத்துக்கு ஏற்ப அதை வெட்டித் தைக்கிறவன் நான்.

இதே வேலையில் கிடந்து வதைபடுகிறவர்கள்தான் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நடந்ததைச் சொல்கிறேன். எல்லாம் ஒரே அலுவலகத்தில் நடந்தவை.

முதலாவது டிஸ்க்

அலுவலகம் மட்டக்களப்பு நகரில். பெயர் வேண்டாம். வாவியின் நீர்மட்டத்தைப் பார்ப்பது அவர்களின் வேலை. பொறுப்பான பொறியியலாளர் திருச்செல்வம், என் மகன் வயது. புதிதாக மூன்று சேர்வர்கள் வாங்கினார்கள். கதிரவெளி, செட்டிபாளையம், மண்டூர் என்று மூன்று பக்கத்து அளவுமானிகள் அனுப்புகிற கணக்கு, பக்கத்துக்கு ஒரு சேர்வராக, அவற்றுக்குப் போகும். ஒவ்வொரு சேர்வரிலும் இரண்டு டிஸ்க். சின்னதில் இயங்குதளம். பெரியதில் பல வருடத்து நீர்மட்டம். அந்தப் பெரிய டிஸ்க்கைப் பழைய மெஷினிலிருந்து கழற்றி அப்படியே புதியதில் பூட்டியிருந்தார்கள்.

கம்பனியின் ஜொப்பில் ‘முதலாவது டிஸ்க்கைத் துடை’ என்று ஒரு வரி. பழைய மெஷினில் முதலாவது என்றால் சின்னது. புதிய மெஷின் பெரியதிலிருந்து எண்ணத் தொடங்குகிற சாதி. கதிரவெளிச் சேர்வரில் ஓட்டிப் பார்த்தார்கள். அத்தனை வருடத்துக் கணக்கும் போய்விட்டது. பிரதி இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். பிரதி எடுக்கிற மெஷினுக்கான அனுமதி கொழும்பில் கிடந்தது. இன்றும் கிடக்கிறது.

பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். இதை ஓட்டியது யார் என்று கேட்டேன். திருச்செல்வம் நிலத்தைப் பார்த்தார்.

“ஒருத்தரும் செய்யல்ல ஐயா. அது தானாச் செய்துபோட்டுது.”

வட்டை விதானையார்

மிச்சம் இருந்த இரண்டையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜொப்பை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கந்தப்போடி. மண்டூர்ப் பக்கத்தில் ஒரு வயல்வெளிக்கு, அங்கத்தைய பேச்சில் வட்டைக்கு, விதானை. வயல்காரர் எல்லாரும் சேர்ந்து தெரிவுசெய்து வைத்த ஆள். அந்த வட்டைக்குள் வருகிற தண்ணீருக்கும் வராத தண்ணீருக்கும் அவர்தான் பதில் சொல்லவேண்டும்.

மாரியில் வாவி நிரம்பினால் முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். வெட்டாவிட்டால் வயல் மூழ்கும். அவசரப்பட்டு வெட்டினால் வளராத றாலும் மீனும் கடலோடு போகும். அதனால் வயல்காரருக்கும் வாவியில் தொழில் செய்கிறவர்களுக்கும் வருடாவருடம் சண்டை. இந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அதிகாரி தனியே முடிவெடுப்பதில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்து கணக்கைப் பார்த்து ஓம் சொன்னால்தான் மண் தோண்டுகிற பெக்கோ மணலில் இறங்கும். இன்றைய அளவை மட்டும் காட்டினால் ஒருவரும் நம்பமாட்டார்கள். முன்பு இதே அளவு வந்தபோது பிறகு எவ்வளவு ஏறியது என்று பழைய வருடங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டவேண்டும். மண்டூர்ச் சேர்வரின் பெரிய டிஸ்க்கில் இருந்தது அதுதான்.

கதிரவெளிக் கணக்கு போன கதை அவர் காதுக்கு எட்டியிருந்தது. மெஷினை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுக்குள்ளயா எங்கட தண்ணி கிடக்கு?”

ஓம் என்றேன்.

“இதையும் அழிச்சிப்போடுவீங்களோ?”

பார்க்கிறேன் என்றேன். அந்தச் சொல் அவருக்குப் பிடிக்கவில்லை.

“பாக்கிறன் எண்டு சொல்லாதீங்க அண்ணன். செட்டிபாளையத்து மீன்காரன் மரியசீலன் பழைய கணக்கைக் காணாம ஓம் சொல்லமாட்டான். அவன் சொல்லாட்டி எங்கட வட்டை தண்ணிக்குள்ள.”

கேள்வி

நான் செய்த திருத்தம் இரண்டு. ‘முதலாவது’ என்ற சொல்லைத் தூக்கி எறிந்தேன். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கிற தொடரிலக்கத்தை எழுதினால் அந்த டிஸ்க்கை மட்டும் துடைக்கும். மற்றது, துடைக்கமுன் ஜொப் நிற்கும். எந்த டிஸ்க், எவ்வளவு பெரியது, உள்ளே என்ன கிடக்கிறது என்று திரையில் காட்டும். அழிக்கவா என்று கேட்கும். முன்னால் நிற்கிற மனிதன் அந்தச் சேர்வரின் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தால்தான் மேலே போகும். கொழும்பிலிருந்து அடிக்க முடியாது. மெஷினுக்கு நேரே வந்து நிற்கவேண்டும்.

கம்பனியின் கொழும்பு மேலாளர் போனில் கத்தினார். தானியங்கி என்றால் என்ன என்று எனக்குப் பாடம் நடத்தினார். மற்றதெல்லாம் தானாக நடக்கட்டும், அழிப்பதை மட்டும் ஒரு ஆள் செய்யட்டும் என்றேன். போனை வைத்துவிட்டேன்.

அலுவலகத்தில் மெஷின் பூட்டுகிறவன் ரொனி. நகரத்துப் பறங்கிக் குடும்பம். நல்ல கைக்காரன், வாய்தான் ஓயாது. கேள்வியை இரண்டு தரம் வாசித்தான்.

“சேச்சில கலியாணத்துக்கு ஃபாதர் சம்மதமா எண்டு கேக்கிற மாதிரிக் கேக்குதே அங்கிள். அந்த நேரம் இல்லை எண்டு சொன்ன ஒரு ஆளை நான் இன்னும் காணல்ல.”

செட்டிபாளையம்

திருத்திய ஜொப்பை முதலில் செட்டிபாளையச் சேர்வரில் ஓட்டினேன். பெரிய டிஸ்க் தப்பியது. ஆனால் கணக்கில் நேரம் பிழை. பொது ஜொப் எழுதியவன் எந்த நாட்டிலோ இருந்து எழுதியிருக்கிறான். அவனுடைய நாட்டு நேரத்தையே எங்கள் வாவிக்கும் வைத்துவிட்டான். மத்தியானம் ஏறிய தண்ணீர் விடியப்புறம் ஏறியதாகத் திரையில் கிடந்தது. அந்த வரியைத் திருத்துகிறபோது பின்னால் ஒருவர் நின்றார். செட்டிபாளையத்து மீனவர் சங்கத் தலைவர் மரியசீலன். புதிய மெஷினைப் பார்க்கவென்று வந்தவர்.

பிழையை அவரிடம் மறைக்கவில்லை. ஜொப்பில் ஒரு வரி, திருத்திவிட்டேன், மெஷின் யார் பக்கமும் சாயாது என்றேன். அவர் திரையில் அந்த வரியைக் காட்டிக் கேட்டார்.

“மெஷின் ஒரு பக்கமும் நிக்காது, சரி. அதுக்கு வரி எழுதிறவன் எங்கயோ ஒரு பக்கத்திலதானே நிக்கவேணும்?”

பாதிப் பெயர்

மாரி பிடித்தது. நாட்கணக்காகக் கொட்டியது. ஒரு காலையில் பெரிய இடி. மண்டூர்ச் சேர்வர் எழும்பவில்லை. சின்ன டிஸ்க் செத்துவிட்டது, பெரியது உயிரோடு இருந்தது. ரொனி புதிய சின்ன டிஸ்க் ஒன்றைப் பூட்டினான். அதன் தொடரிலக்கத்தை ஜொப்பில் மாற்றவேண்டியது கம்பனியின் கொழும்பு ஆட்கள். மாற்றிவிட்டோம் என்றார்கள். அங்கிருந்தே ஜொப்பைத் தொடக்கினார்கள்.

வெளியே மர வாங்கில் கந்தப்போடி இடுப்பில் நனைந்த சாரத்தோடு இருந்தார். மறு அந்தத்தில் மரியசீலன். பெக்கோ முகத்துவாரத்தில் போய் நின்றது. மண்டூரின் பழைய கணக்கு திரையில் வந்தால்தான் அது அசையும்.

ஜொப் என் கேள்வியில் நின்றது. பக்கத்து அறையிலிருந்து நான் வந்தபோது திருச்செல்வம் ஒரு காதில் போனோடு சேர்வரின் பெயரை அடித்துக்கொண்டிருந்தார். போனில் மேலாளரின் குரல் எனக்கும் கேட்டது. “பேர அடிச்சிட்டு விடுங்க சேர், அது பெரியவர் வெச்ச தொல்லை.” பெரியவர் என்றது என்னை. நான் திரையைப் பார்த்தேன். வெறும் டிஸ்க்காக இருக்கவேண்டும். அதற்குள் கோப்புக்கு மேல் கோப்பு. அளவும் பெரியது. கொழும்பில் யாரோ பெரிய டிஸ்க்கின் இலக்கத்தை எழுதி வைத்திருந்தார்கள். பாதிப் பெயர் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது.

கையைத் தட்டிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே. அதன் பிறகுதான் அவர் திரையை வாசித்தார். வாசித்து முடியப் போனைக் காதிலிருந்து எடுத்து வைத்தார். மேசையில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அவரை ஏச வாய் எடுத்தேன், ஏசவில்லை. கேள்வியை வாசிக்காமல் அடிப்பதில் நீங்களும் அப்படித்தான், நானும் அப்படித்தான்.

“வாசிக்கல்ல ஐயா. கேள்வி வந்தா ஓம் எண்டு அடிச்சித்தானே எங்களுக்குப் பழக்கம்.”

கழற்றிய டிஸ்க்

ஜொப்பை நிறுத்தினேன். பெரிய டிஸ்க்கைக் கழற்று என்று ரொனியிடம் சொன்னேன். மெஷினில் இல்லாததை யாராலும் அழிக்க முடியாது. கழற்றித் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குந்தினான். இலக்கத்தை நானே திருத்தினேன். முதலிலிருந்து ஓடவிட்டேன். கேள்வி வந்தது. இந்த முறை வெறும் டிஸ்க். பெயரைத் திருச்செல்வத்தையே அடிக்கச் சொன்னேன். திரையைச் சத்தமாக வாசித்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

பிறகு காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பு உங்களுக்குத் தெரியும். திரையில் ஒரு கோடு ஊரும். யார் பெயரைச் சொல்லி வெருட்டினாலும் வேகமாக ஊராது. கந்தப்போடிக்கு வட்டையிலிருந்து போன் கோலுக்கு மேல் கோல். பள்ளத்து வயல்களில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. கதவடிக்கு வந்தார்.

“சேர், வெட்டச் சொல்லுங்க. மெஷினை மறுகா பாருங்க.”

மரியசீலன் வாங்கில் இருந்து எழும்பவில்லை. “போன முறையும் இப்படித்தான் அவசரப்படுத்தினீங்க போடியார். வெட்டினோம். அடுத்த நாள் மழை விட்டிட்டுது. எங்கட றால் கடலோட போயிற்றுது. கணக்கு வரட்டும்.”

“உனக்கு றால். எங்களுக்குச் சோறு.”

“எங்களுக்கும் அதுதான் சோறு.”

திருச்செல்வம் இருவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் திரையில் ஊருகிற கோட்டைப் பார்த்தேன். வேறு என்ன செய்ய.

இயங்குதளம் ஏறி முடிந்தது. ரொனி துவாயை விரித்து டிஸ்க்கைத் திரும்பப் பூட்டினான். மண்டூர்க் கணக்கு வந்தது. பழைய வருடங்களின் கோடுகள், அவற்றோடு இன்றைய கோடு. இன்றையது எல்லாவற்றையும்விடச் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. மரியசீலன் திரைக்குக் கிட்ட வந்து நேரத்தையும் பார்த்தார், அளவையும் பார்த்தார். கந்தப்போடியின் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

“ஓம். வெட்டுங்க. இந்த முறை நாங்க கடல்ல தொழில் பாப்பம்.”

மண்டூர்

வெள்ளம் வடிந்த பிறகு மண்டூருக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. மோட்டார்சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தட்டைப் படகில் வாவியைக் கடந்தேன். வட்டை பச்சையாக நின்றது. பள்ளத்துப் பக்கத்தில் மட்டும் சேறும் படுத்த பயிரும். பெக்கோ இறங்கமுன் தண்ணீர் எடுத்த இடம். அது கந்தப்போடியின் சொந்த வயல் என்று அங்கே போய்த்தான் அறிந்தேன்.

வரம்பில் நின்றார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். கேள்வி இல்லாமல் ஜொப் ஓடியிருந்தால் பழைய கணக்கு அழிந்திருக்கும், அன்றைக்கு வெட்டு நடந்திராது, வட்டை முழுக்கப் போயிருக்கும். இலக்கத்தைச் சரியாக எழுதியிருந்தால் நேரத்தோடு வெட்டியிருப்பார்கள், இந்த வயலும் நின்றிருக்கும். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

அவர் குனிந்து படுத்துக் கிடந்த பயிர் ஒன்றை நிமிர்த்திப் பார்த்தார். அது நிற்கவில்லை. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மிச்ச வட்டையைக் காட்டினார்.

“போனது என்ட காணி. நிக்கிறது மத்தாக்கள்ட. அதுக்குத்தானே அண்ணன் என்னை விதானை எண்டு வெச்சிரிக்காங்க.”

அந்தக் கேள்வியை எடுத்துவிடச் சொல்லிக் கொழும்பிலிருந்து இப்போதும் கோல் வருகிறது. எடுக்கலாம், சொல்கிறவர் ஒருமுறை மண்டூருக்கு வந்து அந்த வரம்பில் நின்று சொல்லட்டும்.