இடுப்பெலும்பில் இறங்கிய ஊசி

கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் எலும்பின் விளிம்பில் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார் எலும்பக்கா. இந்த நேரத்தில் யார் கதவைத் தட்டினாலும் பதில் வராது. மீறி உள்ளே போய், ஒரு கையெழுத்து வேண்டும் என்று நின்றால் கண்ணைத் திறக்காமலே விரட்டுவார். "பாக்கறதுக்கு எல்லாம் வழவழன்னுதான் இருக்கும். தொட்டாத்தான் மேடு தெரியும். அது தெரியட்டும், அப்புறம் வாங்க." வந்தவர் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். மேடு தெரிவதற்குள் சில நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் எலும்புக் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. வயது ஐம்பத்திரண்டு. வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் எலும்பக்கா. டைனோசர்களுக்குள் யார் யாருக்கு என்ன உறவு என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. விசாரித்துத் தெரிந்துகொள்ள அக்கம்பக்கம் கிடையாது, கல்லாகிப்போன எலும்புதான் உண்டு. அதனால் ஓர் அட்டவணை போட்டிருக்கிறார். அறுபத்து மூன்று விலங்குகள், ஒவ்வொன்றிடமும் நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். கழுத்தெலும்பின் பக்கவாட்டில் குழி உண்டா? கணுக்கால் எலும்பிலிருந்து மேல்நோக்கி ஒரு தகடு எழும்புகிறதா? இருந்தால் 1, இல்லையென்றால் 0, அந்த எலும்பே கிடைக்கவில்லை என்றால் கேள்விக்குறி. கட்டங்கள் நிரம்பியதும் கணினியிடம் கொடுத்தால், எந்தப் புது அடையாளம் யார் யாருக்குப் பொதுவாக இருக்கிறது என்று கூட்டிக் கழித்து, கிளை கிளையாக ஒரு வம்ச மரம் போட்டுக் கொடுத்துவிடும். அதற்கு அரை நாள் போதும். கட்டம் நிரப்பத்தான் அக்காவுக்கு ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

ஜாடை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறந்த குழந்தையைச் சுற்றி நின்றுகொண்டு, மூக்கு அத்தைக்கு, நெற்றி சித்தப்பாவுக்கு என்று பங்கு பிரிக்கும் சொந்தக்காரர்களைக் கண்டால் ஆகாது. தங்கை வீட்டில் ஒருமுறை இப்படிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, "ஜாடையெல்லாம் ஒரு சாட்சியா? திமிங்கலம் மீன் மாதிரிதான் இருக்கு. ரெண்டையும் அண்ணன் தம்பியாக்கிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டார். ஒரே மாதிரி பிழைப்பு நடத்துகிற உடம்புகள் சம்பந்தமே இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி ஆகிவிடும் என்பது அவர் சொல்லவந்தது. குழந்தையைத் திமிங்கலம் என்று சொல்லிவிட்டதாகத் தங்கை மாமியார் இன்றுவரை பேசுவதில்லை.

விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் கோழி சமைத்திருந்தால் இன்னும் சங்கடம். சாப்பிட்டு முடித்த தட்டிலிருந்து இடுப்பெலும்பைத் தேடி எடுத்து, துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். தொடையெலும்பின் தலை வந்து உட்காரும் இடத்தில் மோதிரம்போல ஓர் ஓட்டை இருக்கும். பல்லிக்கும் முதலைக்கும் அதே இடம் அடி மூடிய கிண்ணம். டைனோசர்களுக்குப் பெரும்பாலும் ஓட்டை. கோழியும் அந்த வம்சத்தில் வந்ததுதான் என்பதால் அதற்கும் ஓட்டை. "இது வழியா என்னைப் பாருங்க" என்று எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு நேரே நீட்டுவார். அடுத்த தடவை அந்த வீட்டில் காய்கறிச் சாப்பாடுதான்.

ஆனால் அக்காவின் முழுக் கோபமும் ஒரே ஒரு கூட்டத்துக்காகச் சேர்த்துவைக்கப்பட்டது. எலும்பைத் தொடாமல் கட்டம் நிரப்புகிறவர்கள் அவர்கள். புகைப்படத்தைப் பார்த்து ஒருவர் 1 போடுவார். அவர் போட்டிருக்கிறாரே என்று இன்னொருவர் போடுவார். மூன்றாமவர் இரண்டு பேரையும் மேற்கோள் காட்டுவார். பத்து வருஷம் போனால் அது உலகமே ஒப்புக்கொண்ட சங்கதி. பொய் சொல்லக்கூட அலுப்புப்பட்டுக்கொண்டு அடுத்தவன் பொய்யை எடுத்து எழுதுகிறார்களே என்று வயிறெரிவார். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு எட்டுப் பக்கம் கடிதம் எழுதினார். பார்க்காத எலும்புக்குக் கேள்விக்குறி போட்டால் காசா பணமா என்பது அதன் கடைசி வரி. இரண்டு வரியில் நன்றி சொல்லிப் பதில் வந்தது. அந்த இரண்டு வரியையும் ஒரு வாரம் வைத்துத் திட்டினார்.

இந்த வருஷம் மேலே புதுக் கூடம் கட்டி முடித்தார்கள். அதன் நடுவில் நிற்கப்போகிறவர் பெரியவர். பேர்தான் பெரியவர், உடம்பு கன்றுக்குட்டி அளவு. நாற்பது வருஷமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற எலும்புக்கூடு அது. மண்ணிலிருந்து கிடைத்தது பாதிதான். இடது இடுப்பு கிடைக்கவே இல்லை. அங்கே இருப்பது பிளாஸ்டரில் வார்த்து, எலும்பு நிறம் பூசி வைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். வலது இடுப்பில் மட்டும் எடுப்பான வட்ட ஓட்டை. மற்ற எலும்புகள் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகச் சாட்சி சொல்ல, அந்த ஓட்டைதான் இது டைனோசர் என்று தீர்த்துவைத்தது. பாறையின் வயதைக் கணக்கிட்டால் மற்ற எல்லா டைனோசருக்கும் மூத்தது. கூடத்தின் வாசலுக்கு இரண்டு ஆள் உயரத்தில் பலகை எழுதி வந்துவிட்டது: 'டைனோசர்களின் தாத்தா'.

பெட்டியைத் திறந்து, கழற்றி, கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா வலது இடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டையின் விளிம்பில் ஏறியிருந்த தூசியை ஊசியால் நெம்பினார். ஊசி இறங்கியது. கல்லான எலும்பில் ஊசி வளையுமே தவிர இறங்காது. அவர் பக்கத்தில் குத்தினார், அதற்குப் பக்கத்தில் குத்தினார், சுற்றிவரக் குத்திப் பார்த்துவிட்டார். விளிம்பு முழுக்கப் பழுப்பு வண்ணம் பூசிய பிளாஸ்டர். உடைந்து வந்த எலும்பைப் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு கைத்திறன்காரர் அந்தக் காலத்தில் உருட்டி வழித்து ஓட்டையாக்கி வைத்திருக்கிறார். உயிரோடு இருந்தபோது அங்கே இருந்தது ஓட்டையா, கிண்ணமா என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

அன்று அக்கா போட்ட சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்டது. பெரியவரைப் பற்றிப் பதினோரு கட்டுரைகள் வந்திருக்கின்றன. பதினொன்றிலும் இடுப்பில் ஓட்டை உண்டா என்ற கேள்விக்கு 1 என்றே இருக்கிறது; அக்காவின் அட்டவணையில் அது 287-ஆவது கட்டம். "பதினோரு பேரும் பிளாஸ்டருக்கு வம்சம் பாத்திருக்கானுங்க!"

இயக்குநரே இறங்கி வந்தார். கல்லூரியில் அக்காவுக்கு இரண்டு வருஷம் இளையவர். நாலு பேர் இருந்தால் மேடம் என்பார், இல்லாவிட்டால் அக்கா. பலகையைச் சொன்னார், அழைப்பிதழைச் சொன்னார், பத்திரிகைகளுக்குச் செய்தி போய்விட்டதைச் சொன்னார். அக்காவின் அட்டவணை விழாவன்று வெளியாக வேண்டும். அந்த ஒரு கட்டத்தை மட்டும் இப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டால் அடுத்த வருஷம் சாவகாசமாகத் திருத்திக்கொள்ளலாம் என்றார்.

"பதினோரு பேர் போட்டிருக்காங்கக்கா. உங்களோட சேத்தா பன்னிரண்டு. யாரு கேக்கப்போறாங்க?"

"தாத்தான்னு போர்டு வெச்சிட்டீங்க. அது ஒண்ணுவிட்ட சித்தப்பாவா இருக்கலாம். சொந்தமே இல்லாம வழியில போன ஆளாகூட இருக்கலாம். தெரியாதுன்னு எழுதுங்க."

தெரியாது என்று எழுதுவதற்கா கூடம் கட்டினோம் என்று இயக்குநருக்கும் கோபம் வந்தது. அந்த 1-க்குக் கீழே கையெழுத்துப் போட மனமில்லையென்றால் பெரியவரையும் அட்டவணையையும் வேறு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும், யோசித்துச் சொல்லுங்கள் மேடம் என்று சொல்லிவிட்டுப் படியேறினார். அறையில் வேறு யாரும் இல்லை.

ஒன்பது வருஷ உழைப்பு கைவிட்டுப் போகப்போகிறது. வீட்டுக்கு வந்து அக்கா பாத்திரங்களை வைத்த வேகத்திலேயே கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பவர். முன்னறையில் நாளெல்லாம் பிளாஸ்டர் அச்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். இருபத்தைந்து வருஷம் இந்த மாவைப் பெருக்கித் தள்ளியவளுக்கு அது இடுப்பில் ஒட்டியிருந்தது தெரியவில்லையே என்று அக்கா தன்னையும் ஒரு பாட்டம் திட்டிக்கொண்டார். பிறகு அந்தப் பதினோரு பேரையும் வரிசையாக. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய மந்தை, எலும்பைத் தொட்டவன் ஒருத்தன் இல்லை. கணவர் ஓர் அச்சைத் தட்டிக் கழற்றியபடியே கேட்டார்.

"சரி, எல்லாரும் யாரையோ பாத்துப் போட்டாங்க. முதல்ல போட்டது யாரு?"

மறுநாள் காலை அக்கா நூலகத்தில் உட்கார்ந்தார். அந்த முதல் அயோக்கியனைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வெறி. பதினொன்றாவது கட்டுரை ஏழாவதைக் காட்டியது, ஏழாவது மூன்றாவதை, மூன்றாவது முதலாவதை. முதலாவது, அச்சுக்கே போகாத ஒரு மாணவ ஆய்வேட்டைக் காட்டியது. நூலகர் உள்ளே போய், தூசி தட்டி எடுத்துவந்து மேசையில் வைத்தார். அட்டையில் அக்காவின் பெயர். முப்பது வருஷத்துக்கு முந்தைய கையெழுத்தில், பெரியவருக்கு நேரே 1.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. ஒரு மாணவிக்காகக் கண்ணாடிப் பெட்டியைத் திறக்க முடியாது என்று அன்றைய பொறுப்பாளர் கையை விரித்துவிட்டார். ஆய்வேட்டைக் கொடுக்க ஒன்பது நாள்தான் இருந்தது. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்று பார்த்துவிட்டு வந்து 1 போட்டார். நாளடைவில் அது தொட்டுப் பார்த்ததாகவே மனசில் பதிந்துபோய், ஒன்பது வருஷ அட்டவணையிலும் பெரியவரைத்தான் தெரியுமே என்று பழைய எண்களையே இறக்கிவைத்திருந்தார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். முன்னுரையில் ஒரு வரி இருந்தது: 'இதில் குறிப்பிட்டுள்ள எலும்புகள் அனைத்தையும் நான் நேரில் கையாண்டு பார்த்தேன்.' அந்த ஒரு வரியை நம்பித்தான் பதினோரு பேரும் எழுதியிருக்கிறார்கள்.

"அயோக்கியத்தனம்" என்றார் அக்கா, உரக்க. நூலகர் தன்னைத்தான் சொல்கிறாரோ என்று பயந்துபோனார்.

அடுத்த இரண்டு நாள் அக்கா எந்த எலும்பையும் கையில் எடுக்கவில்லை. கையெழுத்துக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் உடனே போட்டுக்கொடுத்தார், அலுவலகமே கலவரப்பட்டுவிட்டது. மூன்றாம் நாள், பெட்டிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் தொட்டதாக எழுதியது நான்தான் என்று பதினோரு பேருக்கும் கடிதம் போனது. 287-ஆவது கட்டத்தில் கேள்விக்குறியோடு அட்டவணை இயக்குநரின் மேசைக்குப் போனது. சாயங்காலமே உத்தரவும் வந்தது: விழா நாள் மாலை ஐந்து மணிக்குக் கிடங்குச் சாவியை ஒப்படைக்க வேண்டும். பலகையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

விழாவன்று காலை ஆட்கள் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாக உள்ளே போய், உயரமான மேடையில் ஏற்றி நிறுத்தியிருந்த பெரியவரின் வலது பக்கம் ஏணியைப் போட்டு ஏறினார். ஈரத் துணியால் ஓட்டையின் விளிம்பை அழுத்தித் துடைத்தார். அந்தக் காலத்து நீர் வண்ணம், கரைந்து ஒழுகியது. பழுப்பு எலும்பின் நடுவில் வெள்ளை வட்டம் ஒன்று வெளியே வந்தது. எலும்பு எங்கே முடிகிறது, பிளாஸ்டர் எங்கே தொடங்குகிறது என்பது வாசலில் நிற்பவருக்கே தெரிந்தது.

இயக்குநர் ஓடிவந்தார். பின்னாலேயே, சீக்கிரமாக வந்துவிட்ட பத்திரிகைக்காரர் ஒருவரும் வந்தார். இது யார் செய்த வேலை என்று அவர் இயக்குநரைத்தான் கேட்டார். பதில் ஏணி மேலிருந்து வந்தது.

"பூசினவர் போய்ச் சேந்துட்டார். அதை எலும்புன்னு முதல்ல எழுதினது நான். என் பேரைப் போட்டுக்குங்க."

சொல்லிவிட்டு அக்கா இறங்கினார். துணியை வாளியில் அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, ஏணியைத் தரையோடு இழுத்துப்போய் இடது பக்கம் சாய்த்து, மறுபடியும் ஏறத் தொடங்கினார்.