பதினொரு பேருக்குப் பன்னிரண்டு

"உலகமே பொய் சொன்னாலும் கருவி பொய் சொல்லாது. கருவி காட்டுன எண்ணை நான் ஒருநாளும் மாத்தி எழுதுனது இல்ல!"

கேரி தீவில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. அதன் அறிவியல் ஆசிரியர் பரமேஸ்வரன் பெற்றோர் கூட்டத்தில் இப்படி முழங்கியபோது, கறிபாப் தின்றுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினார்கள். அன்னாரின் வரலாற்றைப் பதிவு செய்வது நம் கடமை. வயது நாற்பத்தாறு. "சீனி போதுமா?" என்று மனைவி கேட்டால், "எத்தனை கிராம்?" என்பார்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை வைத்து அவர் செய்த சாதனை, ஆள் எண்ணும் வாசல். கதவைத் தாண்டுகிறவர்களைச் சென்சார் கண்டு திரையில் எண்ணிக் காட்டும். அவர்களில் ஒயர்களை எல்லாம் இணைத்தவள் மாதவி. விடுமுறையில் டிங்கிக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

பள்ளி திறந்தது. பதினொரு பேர் உள்ளே வந்தார்கள். திரை பன்னிரண்டு என்றது.

பரமேஸ்வரன் அசரவில்லை. தலைமையாசிரியை இராஜம்மா கருவிக்குப் பூசை போட்டு, சென்சாரின் கண்ணிலேயே குங்குமம் வைத்திருந்தார். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று அதைத் துடைத்தார். பன்னிரண்டு. காற்றாடியை நிறுத்தினார், சென்சாரையே மாற்றினார். பன்னிரண்டு.

"மாதவி வர்றா சார்," என்றாள் பதினொரு பேரில் ஒருத்தியான சிந்து.

"அறிவியல் வகுப்புல பேய்க்கதையா?"

"பேய்னு நான் சொல்லலயே சார். மாதவின்னுதானே சொன்னேன்."

இராஜம்மாவின் கவலை வேறு. "ஒன்னு கழிச்சுக் காட்டுற மாதிரி புரோகிராம்ல எழுதிடுங்க லா, சார். அறிவியல் போட்டியில இத வச்சு ஜெயிச்சாத்தான் அடுத்த வருசம் நாலு பிள்ளைங்களாவது சேரும். பள்ளியில ஆளே இல்ல, உங்க மிஷின் மட்டும் கூட்டிக் காட்டுது!"

"கழிக்க மாட்டேன் டீச்சர்."

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்து, கருவியைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தார். வாசலில் யாருமில்லை. திரை ஒன்று என்று மாறியது. மாதவியின் பஸ் வருகிற நேரம் அது. அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். அதன் பிறகு எதையும் கழற்றவில்லை.

போட்டி, தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில். திரை காட்டும் எண்ணும் ஆசிரியர் படிவத்தில் எழுதும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வாசலைத் தாண்டினார்கள். கடைசியாக வந்த சிந்து கதவை உடனே விடாமல் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரை பதினொன்று என்றது. துல்லியம். இராஜம்மா கைதட்டினார். பிள்ளைகள் தட்டவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவளுக்கு இங்க வர வழி தெரியாதே சார்," என்றாள் சிந்து.

நடுவர் படிவத்தை நீட்டினார். "எத்தனை பேருன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

பரமேஸ்வரன் திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு கட்டத்துக்குள் நிதானமாகப் பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்தார்.