ராக்கெட் கங்காணி

சூசைரட்ணம் கங்காணியின் போனில் பாட்டும் கிடையாது, படமும் கிடையாது; எல்லாம் ராக்கெட்தான். மேலே போன ராக்கெட்டின் அடிப்பாகம் நெருப்பைக் கக்கிக்கொண்டு திரும்பி வந்து, தரையில் நிமிர்ந்து நிற்கும் வீடியோவை அவர் காட்டாத ஆள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இல்லை. முன்பெல்லாம் ஒரு தடவை பறந்ததும் கடலில் விழுந்து தொலையும், இப்போது அதையே திரும்பத் திரும்ப ஏவுவதால்தான் விண்வெளிக்குப் போகும் செலவு இறங்கிவிட்டது என்று, ஏதோ தானே சிக்கனம் பிடித்ததுபோலச் சொல்லுவார். தோட்டத்தில் அவருக்கு ராக்கெட் கங்காணி என்றே பெயர். அதில் அவருக்குப் பெருமை வேறு.

அந்தப் பெருமைதான் கொழுந்து பறிக்கும் ஜீவராணியின் தலையில் விடிந்தது. மழை தொடங்கிய வாரம், வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரும் நிற்கையில், நனையாமல் இடுப்பில் கட்டும் படங்கு கிழிந்து தொங்குகிறது, புதிது வேண்டும் என்று கேட்டாள். ஸ்டோரில் புதுப் படங்கு இருந்தது. ஆனால் செலவைக் குறைத்துத் தோட்டத்து நிர்வாகியான துரையிடம் நல்ல பேர் வாங்கும் ஆசை கங்காணிக்கு.

"ராக்கெட்டே திரும்பத் திரும்பப் பறக்குது புள்ள. ஒனக்குப் படங்கு மட்டும் புதுசு புதுசா வேணுமா?"

பெரட்டே சிரித்தது. ஜீவராணி தலையைக் குனிந்துகொண்டு மலைக்கு ஏறினாள். அந்த வாரமே, கிழிசல் தேயிலைச் செடியின் வாதில் மாட்டி இழுக்க, கொழுந்துப் பையோடு மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டாள்.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போகும் பஸ்ஸில், கங்காணி மனசு கேளாமல் அந்த வீடியோவை மறுபடி போட்டார். ராக்கெட் நிமிர்ந்து நிற்கும் இடத்தோடு நிறுத்திவிடுவது அவர் வழக்கம். அன்றைக்குத்தான் மிச்சத்தையும் பார்த்தார். இறங்கியதைக் கொட்டகைக்குக் கொண்டுபோய், ஆட்கள் சூழ நின்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். தேய்ந்ததையும் கருகியதையும் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினார்கள். அதற்குப் பிறகுதான் மறு பயணம். நுனிப்புல் மேய்ந்துவிட்டு ஊருக்குப் பாடம் நடத்தியிருக்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது. இரும்புக்குப் பார்த்த பக்குவத்தை ஒரு மனுஷிக்குப் பார்க்கவில்லையே.

மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டுதான் வார்ட்டுக்குள் நுழைந்தார். அவரைக் கண்டதும் ஜீவராணி மாவுக்கட்டுக் காலோடு பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் படங்க மக தச்சு வச்சிருக்கா, கங்காணி. புதுசெல்லாம் வேணாங்க. செக்ரோல்ல எம் பேர வெட்டி வேலைய மட்டும் நிப்பாட்டிறாதீங்க."

அவர் கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். பக்கத்துக் கட்டில்காரி, இந்தக் காலத்தில் ஆளைப் பார்க்க ஆஸ்பத்திரி வரைக்கும் வரும் கங்காணி யார் இருக்கிறார் என்று மெச்சினாள். ஜீவராணியும் ஆமாம் என்று தலையாட்டினாள். சூசைரட்ணத்துக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் தேவலாம் போலிருந்தது.