தசமமா, நிமிஷமா?

"தசமமா, நிமிஷமா?" என்று கேட்கிறார் என்னோடு வேலை பார்க்கும் பெண்மணி. தொலைபேசியின் அந்தப் பக்கம் ஒரு மீன்பிடிப் படகுக்காரர். இன்ஜின் நின்றுபோய்க் காலையிலிருந்து அலையில் ஆடிக்கொண்டிருக்கிறார். தான் இருக்கும் இடத்தை எண்ணாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் எந்தத் துறைமுகம், எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று தெரிந்தால் அவருக்குப் போதும். அவர் என்ன திட்டினாரோ தெரியாது. "கோபப்படாதீங்க. நீங்க சொன்னது தசமமா, நிமிஷமா? அத மட்டும் சொல்லிடுங்க" என்று இவர் அதே குரலில் மறுபடி ஆரம்பிக்கிறார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதை நாளுக்கு முப்பது தடவை கேட்கிறேனே, என் நிலைமையை யாராவது யோசித்ததுண்டா?

கடல் மீட்பு அலுவலகத்தின் கணக்கு மேசை எங்களுடையது. அவருக்கு முப்பத்தாறு வயது, எனக்கு ஐம்பத்திரண்டு. பண்டகசாலையிலிருந்து மாற்றலாகி நான் இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் கோணம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. அவரும் "என்ன?" என்று சாவதானமாகத் திரும்புகிறார்.

அவர் முன்னால் இருப்பது ஒரு கறுப்புத் திரை. படம் கிடையாது, நிறம் கிடையாது, மவுஸைத் தொட வேலையே இல்லை. கட்டளையின் பெயரைத் தட்டி, கிளம்பும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, போய்ச் சேரும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை என்று நான்கு எண்களைக் கொடுத்தால், ஒரே வரியில் மூன்று எண்கள் வந்து விழும். முதலாவது தூரம். பூமி உருண்டையின் மேல் நூலை இறுக்கிப் பிடித்தால் எந்த வழியாகக் கிடக்குமோ, அந்த வழியின் நீளம். இரண்டாவது, கிளம்பும்போது கப்பலின் மூக்கை எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டும் என்பது. மூன்றாவது, போய்ச் சேரும்போது அது எந்தக் கோணமாக மாறியிருக்கும் என்பது. உருண்டையின் மேல் நேராகப் போனாலும் கோணம் மாறிக்கொண்டே இருக்குமாம். இதை நம்ப எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பே மேலதிகாரி வண்ண வரைபட மென்பொருள் ஒன்றை வாங்கிப் போட்டார். விரலால் தொட்டால் தூரம் சொல்லும். கோணம்மா அதைத் திறப்பதே இல்லை. "படத்துல எங்க தொட்டோம்னு அந்த விரலுக்கே தெரியாது. எண்ணுன்னா நாந்தானே தட்டுறேன்? தப்புன்னா யாரு தப்புன்னு தெரியும்ல?" என்கிறார். போகட்டும் என்று விட்டால், ஒரு கணக்கை ஒரு தடவை போட்டு நிறுத்துகிற ஆளா அவர்? இங்கிருந்து அங்கே போட்டதை அங்கிருந்து இங்கேயும் போடுவார். இரண்டு தூரமும் ஒத்துப்போனால் மட்டும் "ம்" என்று ஒரு சத்தம் வரும். அந்த "ம்" வருவதற்குள் என் உயிர் போய் வந்துவிடும்.

வீட்டிலும் இதே கூத்துதான். மகளின் பள்ளிப் படிவத்தில் 'வீட்டிலிருந்து பள்ளிக்குத் தூரம்' என்ற கட்டத்தில் மூன்று தசம இடங்களோடு தூரத்தையும், பக்கத்தில் இரண்டு கோணங்களையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். டீச்சர் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். கணவர் வேன் ஓட்டுகிறவர். மதியம் கூப்பிட்டு "எங்க இருக்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் தொலைந்தார். "வீட்டுலேருந்து பதினொண்ணரை கிலோமீட்டர், முப்பத்தெட்டு டிகிரி." அவர் கத்துவது எனக்கே கேட்கும்: "ரோட்டுல போறவன்கிட்ட நேர் தூரத்த சொல்லாதன்னு எத்தன தடவ சொல்றது! சாப்பிட வரியா இல்லையா?"

எங்கள் மேசையில் ஒரு விதி உண்டு. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் பார்த்த பிறகுதான் எண் வெளியே போக வேண்டும். போன மாதம் ஒரு மதியம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போயிருந்தார். சரக்குக் கப்பல் ஒன்றிலிருந்து செய்தி வந்தது. கப்பலின் சமையல்காரர் படியில் விழுந்துவிட்டார், வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, சாயங்காலத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கப்பல் எங்கள் தளத்துக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருந்தது. அட்சரேகை 31.50. அப்பாடா, அந்தக் கேள்வி இல்லாமல் ஒரு கணக்கு என்று கிடுகிடுவெனத் தட்டினேன். நூற்று முப்பத்தெட்டு கடல் மைல். எங்கள் ஹெலிகாப்டரால் நூற்றைம்பது மைல் வரை போய்த் திரும்ப முடியும். விமான தளத்தைக் கூப்பிட்டு எண்ணைச் சொல்லிவிட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர் என் திரையைப் பார்த்தார்.

"அண்ணா, இது தசமமா, நிமிஷமா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அப்படி ஒரு ஆத்திரம். "ஐயோ, அங்க ஒரு ஆளு செத்துக்கிட்டிருக்காரும்மா! உங்களுக்கு இப்பவும் இதேதானா?"

"அதனாலதான் கேக்குறேன்."

எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லையே. ஒரு டிகிரியை அறுபது நிமிஷமாகப் பிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள், தசமத்தில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். 31.50 என்றால் தசமக்காரருக்கு முப்பத்தொன்றரை டிகிரி, அதாவது முப்பத்தொரு டிகிரியும் முப்பது நிமிஷமும். மற்றவருக்கு முப்பத்தொரு டிகிரியும் ஐம்பது நிமிஷமும். நடுவில் இருபது நிமிஷம் இடிக்கிறது. வடக்கு தெற்காக அது கடலில் இருபது மைல்.

அவர் கப்பலைக் கூப்பிட்டுக் கேட்டார். நிமிஷம்தான். கப்பல் இருந்தது நூற்றைம்பத்தெட்டு மைலில். நான் சொன்ன இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்திருக்கும். தேடிக்கொண்டு மேலே போனால் திரும்பி வர எரிபொருள் இருக்காது.

தளத்தில் ஹெலிகாப்டரின் விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது. கோணம்மா அடுத்த தொலைபேசியை எடுத்து "நிறுத்துங்க. நாங்க குடுத்த தூரம் தப்பு" என்றார். விமானி கத்திய கத்தலில் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். "திட்டுறத அப்புறம் திட்டுங்க சார். கப்பல இப்பவே தெற்க திருப்பி முழு வேகத்துல வரச் சொல்றேன். மணிக்குப் பதினாறு மைல் வரும். நீங்க அரை மணி கழிச்சு கிளம்புங்க. நூத்தி முப்பத்தி நாலாவது மைல்ல ரெண்டு பேரும் பாத்துக்கலாம்." சொல்வதற்கு முன் அதையும் இரண்டு பக்கமிருந்தும் போட்டுப் பார்த்தார். அன்றைக்கு அந்த "ம்" எப்போது வரும் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அரை மணி எனக்குப் போகவே இல்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன். அவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கப்பலின் இடத்தை வாங்கித் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணி வாக்கில் விமானியின் குரல் வந்தது: "ஆள ஏத்தியாச்சு. உயிர் இருக்கு." நாலேகாலுக்கு ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார்கள். மேலதிகாரி அறைக்கு வெளியே வந்து கை தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"ரொம்ப நன்றிம்மா" என்றேன். "பரவால்லண்ணா" என்றபடியே அவர் பிழைப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். அடக் கடவுளே, இந்தப் பெண்மணி இன்றைக்காவது சும்மா இருப்பாரா? நான் பார்க்கப் பார்க்கவே மணி, தப்பான தூரம், சரியான தூரம், கணக்கிட்டவர் என்று என் பெயர், எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதினார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, அதையும் எழுதினார். எட்டிப் படித்தேன். 'சரிபார்க்க வேண்டியவர் ஆறு நிமிஷம் மேசையில் இல்லை.'

"என்னம்மா இது? கேக்காம அனுப்புனது நான்."

அவர் அந்த வரியின் கீழே முதலில் தன் கையெழுத்தைப் போட்டார். அதற்குக் கீழே நான் எழுத ஒரு வரி இடம் விட்டு, பதிவேட்டை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார்.