முறுக்கு அச்சு தேர்ந்தெடுத்த மென்பொருள்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்கும், உலோகம் வெட்டும் சின்ன மில்லிங் மெஷினுக்கு, எங்கே எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லித் தரும் மென்பொருள் எதை வாங்குவது? இன்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நான் இல்லை.

இரண்டை இலவசமாகப் பரீட்சித்துக்கொண்டிருந்தேன். காலையில் என் மனைவி லலிதா, "முறுக்கு அச்சுல நட்சத்திரம் தேஞ்சு போச்சு. புதுசா ஒண்ணு பண்ணித் தாங்கோ, எது நல்லதுன்னு தெரிஞ்சுடும்" என்றாள்.

முதல் மென்பொருள் கூர்கூரான நட்சத்திரத்தைத் திரையில் சுழற்றிக் காட்டியது. மயங்கிப்போனேன்.

இரண்டாவது, மூலைகளையெல்லாம் சிவப்பாக்கி, 'கட்டர் இங்கே எட்டாது' என்றது. சுழன்று வெட்டும் வட்டமான கட்டர் கூர்மூலைக்குள் போகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் முதலாவதற்கு ஏதோ வழி தெரிந்திருக்கும் என்று நம்பி, பித்தளையில் வெட்டிவிட்டேன்.

சாயங்காலம் முள்ளு முறுக்கு வழவழவென்று வந்தது.

"முள்ளு எங்கே?" என்றாள்.

திரையில் சிவப்பு மூலைகளைக் காட்டினேன். "இது முன்னாடியே சொல்லித்து. நான்தான் கேக்கலை."

"அப்போ இது மதி, இதையே வாங்கிடுங்கோ. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்றதே. எல்லாம் முடியும்னு சொல்ல இந்த ஆத்துல ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார் அல்லே" என்றாள், என் தட்டில் இன்னும் இரண்டு முறுக்கை வைத்தபடி.

டப்பா நிறைய மிச்சம் இருக்கிறது. எங்கள் வலியசாலைப் பக்கம் வருகிறவர்கள் சொல்லுங்கள். முள்ளில்லாத அந்தப் பலகாரத்தின் பெயரை மட்டும் லலிதாவிடம் கேட்காதீர்கள்.