வெள்ளிக்கிழமை மீன்

நான் ஸ்பானிஷ் படிக்கப் போனதற்கு அந்த மொழியின் மீது இருந்த ஆசை ஒன்றும் காரணமில்லை. எங்கள் லூத்தரன் சபைக்குத் தெரிந்த வெளிநாட்டவர்கள், ஒரு வருடப் படிப்புக்கு ஓர் ஆளை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சீன மொழி என்றாலும் போயிருப்பேன். மட்டக்களப்பில் இளம் பிள்ளைகள் றோட்டில் இறங்கவே பயந்த தொண்ணூறுகள் அவை. தம்பியும் விண்ணப்பித்தான். இருந்தது ஓர் இடம், அது எனக்குக் கிடைத்தது. "நீ போ அக்கா, நான் அம்மாவப் பாத்துக்கொள்றன்" என்றான். நானும் தை மாதம் போய்விட்டேன்.

எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் லூத்தரன் என்று இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். அப்பா மலைநாட்டில் வேலை செய்த காலத்தில் சேர்ந்த சபை அது. அம்மா சைவக் குடும்பம். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவர். அப்பா இறந்த பிறகும் ஞாயிறு ஜெபத்தை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

ஸ்பெயினில் நான் தங்கிய வீட்டின் சொந்தக்காரி ஒரு விதவை, ஊறிப்போன கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடமாட்டார், மீன்தான் சமைப்பார். உடம்பை வருத்திச் செய்யும் அந்தத் தவத்துக்குப் பெயர் ஒறுத்தலாம்! எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. வாவிக்கரையில் மூன்று நேரமும் மீன் தின்று வளர்ந்தவளுக்கு அது என்ன ஒறுத்தல்? "உங்களுக்கு மாதாவும் இல்லை, புனிதர்களும் இல்லை என்றால், கஷ்டம் வரும்போது யாரிடம்தான் போய் அழுவீர்கள்?" என்று கேட்பார். பாவம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? ஒரு வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே பன்றி இறைச்சி வாங்கி வந்து, அவருடைய அடுப்பிலேயே வறுத்து, அவர் முன்னாலேயே தின்றேன். லூத்தரன் என்றால் யாரென்று காட்டினேனாம்.

செப்டம்பர் கடைசியில், வகுப்பில் ஆளுக்கு ஆள் தங்கள் மதத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. நான் வெளுத்து வாங்கினேன். கடவுளோடு பேரம் பேச முடியாது, நேர்ச்சையும் விரதமும் மெழுகுதிரியும் அவரை அசைக்காது, கிருபை இலவசம், தகுதி பார்த்து வருவதில்லை என்று பத்து நிமிடம் பேசினேன். ஆசிரியர் கை தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கிழமை முடியுமுன்னே அம்மாவின் கடிதம் வந்தது. யாரோ பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிய உறை.

"ஆவணியில சுத்திவளைப்பில தம்பியப் பிடிச்சிக்கொண்டு போயிற்றாங்க மகள். எந்த ஆமிக் காம்புக்குப் போனாலும் இஞ்ச இல்ல எண்டுறாங்க. வாவியக் கடந்து கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலுக்குப் போனன். அவன் வாற வரைக்கும் வாயில மீன் வைக்கமாட்டன் எண்டு நேந்திருக்கன். நீ கோவிக்காத."

அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. பிடித்துக்கொண்டு போனவர்கள் மீது வந்திருக்க வேண்டிய கோபம். அவர்களுக்குக் கடிதம் எழுத முடியுமா? அம்மாவுக்குத்தானே எழுதலாம்!

வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் அம்மாவை விட்டுவிடு, மகளே. மீன் சாப்பிடாமல் இருக்கட்டும். பாவம், வேறு என்னதான் செய்வாள்?" என்றார். நான் அவருக்கு அரை மணி நேரம் கிருபையை விளக்கினேன். அன்றிரவே வகுப்பில் பேசியதையெல்லாம் தமிழில் அம்மாவுக்கு எழுதினேன். "உங்கட மகன மீனுக்கு மாத்துற ஆளா கடவுள்? இது அவிசுவாசம். அப்பா இருந்தா வெக்கப்படுவார்" என்றும் சேர்த்தேன். என் வாயில் மண் விழ, அப்பாவையும் இழுத்தேன்.

மார்கழியில் பதில் வந்தது. அம்மா சண்டை பிடிக்கவில்லை. "நீ படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இரிக்கும். உன்ட கடிதம் வந்த அண்டைக்கே மீன் கறி ஆக்கித் திண்டன். இஞ்ச மாரி தொடங்கிற்று."

தை பிறந்து நான் ஊருக்கு வந்தேன். சபையார் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொன்னார்கள். இருக்க முடியவில்லை. வந்து சில மாதங்களில், காம்பிலிருந்து விடுதலையான ஒருவர் வீடு தேடி வந்தார். தம்பியோடு ஒரே அறையில் அடைபட்டிருந்தவர். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, தேத்தண்ணியைத் தொடாமல் சொன்னார்:

"அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தவர், அம்மா. மாரியில முதல் மழை பெய்ஞ்ச கிழமை கூப்பிட்டுக் கொண்டு போனாங்க. திரும்பி வரல்ல."

அம்மா அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, அவர் குடிக்காத தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கிழமதான் மகள், நான் மீன் திண்டனான்."

அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்ல எனக்கு எத்தனையோ நியாயங்கள் தெரியும். ஸ்பானிஷில்கூடப் பிழையில்லாமல் சொல்வேன். அன்றைக்கு அம்மாவின் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கழுவி வைத்தேன், அவ்வளவுதான். அம்மாவும் அதன் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை, சாகும்வரை.

இன்றும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன். கிருபை இலவசம் என்றுதான் இன்றும் நம்புகிறேன். மீன் மட்டும் தின்பதில்லை. கேட்பவர்களிடம், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடுகிறேன்.