ஒன்பது பேரை இழுத்தவள்

"மேற்படி சோலையம்மாள் என்பவர் தமது பேச்சுத் திறமையால் தொழிலாளர்களுக்கு ஆசை காட்டி, வேறு நிறுவனத்துக்கு இழுத்துச் செல்லும் வழக்கம் உடையவர்."

வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்று தொழிலாளர் துறைக்கு ஆங்கிலத்தில் கொடுத்த மனுவின் சாரம் இது. சோலையம்மாள் புருஷன் செத்த வீட்டிலேயே நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள். மனுவின் நகலும் விசாரணைக்கு வரச் சொல்லும் கடிதமும் தபாலில் வந்ததும், அடுத்த தெரு எவாஞ்சலின் டீச்சரிடம் கொண்டுபோனாள்.

"என்டைஸ்னு போட்டிருக்காக. ஆசை காட்டி இழுக்கிறது," என்றார் டீச்சர். "பிரியாணி வாசன நம்மளக் கடைக்குள்ள இழுத்தாலும் இதே வார்த்ததான். அங்கன குத்தமில்ல. மனுவுல வந்தா குத்தம்."

"நான் என்னத்தக் காட்டுனேன் டீச்சர்?"

"அதான் எனக்கும் வெளங்கல. ஆசை காட்டணும்னா மொதல்ல வாயத் தொறக்கணுமே!"

சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பிய டீச்சர் நிறுத்தினார். "சாட்சி, போர்மேன் மணிகண்டராஜ். உங்க அண்ணன் மவன்தான?"

சோலையம்மாள் தாளை வாங்கி மடித்துக்கொண்டாள்.

போன மாதம் அவள் வீட்டில் மீன் குழம்பை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அவன்தான் சொன்னான்: "அத்தே, நம்ம கம்பெனி வேணாம். நாலு பேரு இருக்க வேண்டிய மருந்து ரூம்புல பதினோரு பேரு. புதுக் கம்பெனில நாலுன்னா நாலுதான். காலைல வேன் வரும், ஏறிருங்க. சீசன் முடியவும் நானும் வந்திருதேன்." உண்மைதான். ஆய்வுக்கு ஜீப் வந்தால் ஏழு பேர் வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் போய் உட்காருவார்கள்; ஜீப் போனதும் பழையபடி பதினொன்று.

மறுநாள் அவள் புதுக் கம்பெனி வேனில் ஏறினாள். இருபத்திரண்டு வருஷம் மருந்தில் கை வைத்தும் பத்து விரலும் பத்திரமாக இருக்கிறவள் எந்த வேனில் ஏறுகிறாளோ அதில் ஏறுவது அந்தத் தெருப் பெண்களின் பழக்கம். ஒன்பது பேர் பின்னாலேயே ஏறினார்கள். தீபாவளி ஆர்டர் நின்றுபோனது. பழைய முதலாளி போர்மேனைக் கூப்பிட்டுக் கேட்டார். போர்மேன் மனுவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

ஆள் இழுப்பவள் என்று பேர் விழுந்துவிட்டால் புதுக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது, வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது.

சூலக்கரையில், தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரணை. அலுவலக வராண்டாவில் மணிகண்டராஜ் பக்கத்தில் வந்து நின்றான்.

"அத்தே, கையெழுத்துப் போடலன்னா வேலைய விட்டுத் தூக்கிருவாக. ரெண்டு பிள்ளைய வச்சிருக்கேன். எம்பேரச் சொல்லிராதீக."

"ஏலே, நான் பிள்ள பெறாமலா இருக்கேன்?"

உள்ளே அதிகாரி கேட்டார். "அந்தப் பொம்பளைங்ககிட்ட என்னம்மா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல சார்."

"அப்ப ஏன் ஒங்க பின்னால வந்தாங்க?"

"அவுகளத்தான் கேக்கணும்."

"சரி, உங்கள யாரு போகச் சொன்னது?"

மணிகண்டராஜ் சுற்றாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். சோலையம்மாள் கையை நீட்டி அவனைக் காட்டினாள். பிறகு, யாரும் கேட்காமலே, நாலு பேர் அறையில் பதினொரு பேர் உட்கார்ந்ததையும் சொன்னாள்.